பார்க்காததை எழுதாதவர்

மண்ணைக் கடித்துப் பார்த்து உத்தியோகம் செய்கிற பெண்ணை அதற்கு முன் நான் கண்டதில்லை. எண்ணெய் தேடிப் பூமியைத் துளைக்கிற ரிக்கின் சல்லடையிலிருந்து விழும் சேற்றில் ஒரு சிட்டிகை எடுப்பார். உள்ளங்கையில் தண்ணீர் விட்டு அலசி, முன்பல்லுக்கு நடுவில் வைத்து மெல்லக் கடிப்பார். நறநறத்தால் மணல் கலந்தது, வழுக்கினால் களி. துப்பிவிட்டு நோட்டில் எழுதுவார். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொன்னேன். "மாசமா இருக்காங்களா?" என்று கேட்டாள் என் மனைவி. இல்லை, அதுதான் அவங்க வேலை என்றேன். "மண்ணத் திங்கிறதுக்கு எம்.எஸ்சி. படிக்கணுமா?" என்று சிரித்தாள். மறுநாள் இதை அவரிடமே சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, "திங்கல அண்ணே, கடிக்கிறதோட சரி" என்று திருத்தினார். வேடிக்கைப் பேச்சில்கூடத் தப்பு இருந்தால் அவரால் விட முடியாது.

பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. முத்துப்பேட்டை போகும் சாலையை ஒட்டி, எங்கள் ஊர்த் தரிசில், எண்ணெய் இருக்கிறதா என்று தேட ஒரு கம்பெனி ரிக் போட்டிருந்தது. நான் மஸ்கட்டிலிருந்து திரும்பி, வாய்க்கால் முடிகிற கடைமடையில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தேன். ரிக்கில் எனக்குக் கிடைத்தது சாம்பிள் பிடிக்கிற வேலை. பூமியைக் குடையும்போது குழாய் வழியாகச் சேற்றை உள்ளே அனுப்புவார்கள். அந்தச் சேறு கீழே உடைகிற கல் துகளையெல்லாம் மேலே தூக்கி வரும். சல்லடையில் சேறு வடிந்து துகள் மட்டும் நிற்கும். ஐந்து மீட்டருக்கு ஒரு பிடி அள்ளி, அலசி, துணிப்பையில் போட்டு, ஆழத்தை மார்க்கரால் எழுதி வைக்க வேண்டும். மூளைக்கு வேலையே இல்லாத வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் அங்கே ஜியாலஜிஸ்ட். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்த ஊர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். பள்ளிக்கூட லீவில் அவரும் நடவுக்குப் போயிருக்கிறார். ஒருநாள் ரிக்குக்குப் பக்கத்து வயலில் நடவு நடந்தது. வேலியோரம் நின்று பார்த்தவர், "மூணாவது ஆளு ஆழமா ஊனுறாங்க, தூர் கட்டாது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

ரிக்கில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாக்கல மேடம்'. எதைக் கேட்டாலும், கண்ணால் பார்த்திருந்தால் ஒழியப் பதில் வராது. கேன்டீன்காரர் சாம்பார் வாளியுடன் வந்து, "உப்பு சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டால், "இன்னும் வாயில வைக்கலயே" என்பார். அவர் ஊரில் ஒரு பையனை என் அக்கா மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன் எப்படி என்று விசாரித்தேன். "பையனப் பாத்திருக்கேன். நல்லா உயரமா இருப்பாரு. கொணத்த நான் பாக்கல அண்ணே" என்றார். இதை அப்படியே அக்காவிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு பேச்சுக்கு நல்ல பையன்தான் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? எனக்குச் சில நாள் எரிச்சல்கூட வரும்.

ஆழமும் மண் வகையும் குறிக்கிற நீளத் தாள் ஒன்று அவரிடம் உண்டு. கட்டம் கட்டமாக இருக்கும். சில சமயம் சேறு சரியாக ஏறாமல் ஒரு பத்து மீட்டருக்குத் துகளே வராது. அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு விட்டுவிடுவார். எங்கள் பெரிய சார், அதாவது ரிக்குக்கு இன்சார்ஜ், அதைப் பார்த்தால் கத்துவார்.

"மேலயும் களி, கீழயும் களி. நடுவுல மட்டும் என்ன தங்கமா இருக்கப் போவுது? களின்னு போட்டுட்டுப் போங்கம்மா."

"நடுவுல சாம்பிள் வரல சார். பாக்கல."

ஒருநாள் டீ குடிக்கும்போது, ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன். அவர் அப்பா பாடுபட்டு அரை ஏக்கர் வாங்கியிருந்தாராம். அதில் மூன்று வருடம் உளுந்தும் நெல்லும் விளைந்தும், வி.ஏ.ஓ. எழுதுகிற பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்றே இருந்ததாம். பயிர் கருகிய வருடம் நிவாரணம் கேட்டுப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. "வயலுக்கு வராமலே ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருக்காங்க" என்று சொல்லிச் சிரித்தார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் பக்கம் கல்லே கிடையாது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் எல்லாம். மாங்காய் அடிக்கக்கூட மண்ணாங்கட்டிதான். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வடக்கேயிருந்து வண்டி வர வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், புரட்டாசியில் ஒருநாள் காலை, இரண்டு கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து வந்த சாம்பல் நிறத் துகளுக்குள் ஏழெட்டுக் கறுப்பு மணிகள் கிடந்தன. எள்ளைவிடச் சின்னது. நான் டிரில்லிங் இரும்பு தேய்ந்து விழுந்தது என்று நினைத்தேன். அவர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். பிறகு கேபினுக்குள் போய் மைக்ராஸ்கோப்பில் அரைமணி நேரம் குனிந்திருந்தார். வெளியே வந்தபோது மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பசால்ட் சாதிக் கல்லு அண்ணே. நெருப்புக் கொழம்பு ஆறினது."

நம்ம ஊரிலா என்றேன். சல்லடைப் பக்கத்தில் குந்திக்கொண்டு விரலால் சேற்றில் கோடு போட்டுக் காட்டினார். இந்த நிலமும் மடகாஸ்கரும் ஒட்டிக்கிடந்து பிரிந்த காலம் ஒன்று, அதற்கும் பின்னால் மகாராஷ்டிரம் பக்கம் பூமி வெடித்த காலம் ஒன்று. இரண்டு தடவையும் பாறைக் குழம்பு வெள்ளமாக வந்திருக்கிறது. மலை மாதிரி கூம்பாக நின்று புகைகிற எரிமலை இல்லை. பூமி நீளமாகப் பிளந்து, குழம்பு வழிந்து, மாவட்டம் மாவட்டமாக மூடிக்கொண்டு போயிருக்கிறது. ஒன்று ஆறி, அதன் மேல் இன்னொன்று. மகாராஷ்டிரத்தில் மலையெல்லாம் படிக்கட்டு மாதிரி இருப்பது அதனால்தானாம்.

"ஆத்துல வெள்ளம் வந்தா ரெண்டு விதமா வயலுக்கு வரும்ல அண்ணே? கரைய ஒடச்சிக்கிட்டு மேலால பரவும். இல்லன்னா கர நிக்கும், அடியால கசிஞ்சி வரும். இதுவும் அதான். மேல ஓடினது பாதி. வெளிய வர முடியாம மண்ணு அடுக்குக்கு நடுவுல நுழைஞ்சி, அங்கயே ஆறிப்போனது பாதி."

"இது எந்தப் பாதி?"

"பாக்கல" என்றார். ஆனால் அன்றைக்கு அதைச் சொன்ன முகம் வேறு. திருவிழாவுக்குப் புது உடுப்பு எடுத்து வந்த வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னார். குழம்பு மேலே ஓடியிருந்தால் அதற்கு அடியில் கிடந்த மண் மட்டும் சூட்டில் வெந்திருக்கும். மேல் மண் பிறகு படிந்தது, பச்சையாக இருக்கும். உள்ளே நுழைந்தது என்றால் மேலும் வெந்திருக்கும், கீழும் வெந்திருக்கும். அதனால் துகள் எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் எல்லாம். இந்தக் கடற்கரை வரை அந்த வெள்ளம் மேலாக வந்ததா, அடியாகக் கசிந்ததா என்று தேடிக்கொண்டிருக்கிற குழு ஒன்று சென்னையில் இருந்தது. அவர் படித்தபோதே அதில் சேர ஆசைப்பட்டு இடம் கிடைக்கவில்லை. இந்தக் கல்லைக் கொண்டு போய்க் காட்டினால் வழி பிறக்கலாம் என்றார். எண்ணெய்க் கம்பெனிக்கு அந்தக் கறுப்புக் கல்லால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. அது முழுக்க அவருடைய சந்தோஷம்.

அன்று பார்த்துக் காரைக்காலில் மீட்டிங். போயே ஆக வேண்டும். ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: "அஞ்சு மீட்டரு வேணாம் அண்ணே. நான் வர்ற வரைக்கும் ரெண்டு மீட்டருக்கு ஒரு பை. இது ஒரு தடவதான் வரும். உங்கள நம்பித்தான் போறேன்." நான் பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

பத்தே முக்காலுக்கு என் மனைவியிடமிருந்து போன் வந்தது. "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சி. மேலக் கொல்லைக்காரவங்க மடைய அடைக்க மாட்டேங்குறாங்க. நீங்க வந்து நின்னாத்தான் உண்டு" என்றாள். அந்த வருடம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். கடைமடைக்கு ஆறு நாளைக்கு ஒரு தடவை. போன முறை எங்கள் வயலை எட்டவே இல்லை. நேரடியாக விதைத்த சம்பா ஒரு சாண் வளர்ந்து, வெடித்த தரையில் நுனி காய்ந்து நின்றது. இன்றைக்கும் விட்டால் பயிர் இல்லை. டிரில்லிங்கைப் பார்த்தேன். கெட்டிக் கல்லில் மாட்டி ஆமை வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மீட்டருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். ஓடிப் போய் மடையைத் திறந்துவிட்டு வந்துவிடலாம் என்று டி.வி.எஸ்.ஸை எடுத்தேன்.

மடையில் சண்டை. சண்டை முடிந்து தண்ணீர் ஏற நேரமாயிற்று. தண்ணீர் ஏறிய பிறகு விட்டுவிட்டு வர மனசில்லை. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும்போது கொப்புளம் கொப்புளமாகச் சத்தம் வரும். விவசாயம் செய்தவனுக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தபோது மணி நாலு. பத்து மீட்டர் இறங்கியிருந்தது. சல்லடைக்குக் கீழே எல்லாம் ஒன்றாகக் குவிந்து கிடந்தது. அந்த ஒரே குவியலிலிருந்து ஐந்து கை அள்ளினேன், அலசினேன், ஐந்து பையில் போட்டேன். ஐந்து ஆழத்தையும் என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மறுநாள் காலை ஐந்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அஞ்சுலயும் கறுப்பும் இருக்கு, வெந்த மண்ணும் இருக்கு. ஏறக்கொறைய ஒரே அளவு. மேலயிருந்தே வெந்திருக்கு." பைகளை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு ரெண்டு மீட்டருக்கு நீங்கதான புடிச்சீங்க?"

"ஆமா மேடம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மஸ்கட்டில் பத்து வருடம் இருந்தவனுக்கு அந்த அளவு நடிப்பு வரும். "அப்ப உள்ள நுழைஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம்தான். எங்கள் தெருவில் இன்னும் மூன்று பேரை நான் சொல்லித்தான் ரிக்கில் சேர்த்திருந்தார்கள். ஊர்க்காரனையெல்லாம் வைத்தால் இப்படித்தான் என்று மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். தவிர, கறுப்புக் கல் கறுப்புக் கல்தானே, மேல் பையில் இருந்தால் என்ன, கீழ்ப் பையில் இருந்தால் என்ன என்றும் ஒரு மனது சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மனது பொய் சொல்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாம் நாள் காலை, குடைந்த துளைக்குள் இரும்புக் குழாய் இறக்கினார்கள். கேசிங் என்பார்கள். நான் அவருக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றேன். கிரேன் ஒவ்வொரு குழாயாகத் தூக்கியது. ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே சத்தம் அடங்கும். அப்போதெல்லாம் வாயைத் திறந்தேன், மூடினேன். குழாயை எண்ணிக்கொண்டு நின்றவர், "வெயில்ல நிக்காதீங்க அண்ணே" என்றார். நான்காம் நாள் குழாயைச் சுற்றிச் சிமென்ட் ஏற்றி அடைத்தார்கள்.

அன்று பிற்பகல் கேபினுக்குக் கூப்பிட்டார். சென்னைக் குழுவிலிருந்து அவர் மெயிலுக்குப் பதில் வந்திருந்தது. ஐந்து பையையும் ரிப்போர்ட்டையும் நேரில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'மாதிரிகளை உரிய ஆழத்தில் சேகரித்தவர்' என்று இங்கிலீஷில் போட்டு, என் இனிஷியலோடு முழுப் பெயரும் இருந்தது.

"அன்னிக்கு நான் இங்க இல்ல அண்ணே. அதனால நான் பாத்தேன்னு போட முடியாது. நீங்க பாத்திருக்கீங்க. அதான் உங்க பேரப் போட்டுட்டேன்."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் பார்க்காத ஒன்றை எழுதியிருந்தார். என் வாயை நம்பி எழுதியிருந்தார்.  பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மடை, தண்ணீர், குவியல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. ஐந்து பையையும் மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் நான் எழுதிய எண்ணை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ஜன்னல் வழியே ரிக்கைப் பார்த்தார்.

"முந்தாநேத்து சொல்லியிருந்தா போதும். கொழா எறக்குறதுக்கு முன்னாடி, தொளையோட பக்கத்துச் செவுத்துலேருந்து துண்டு எடுக்கச் சொல்லியிருப்பேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அரை நாள் வேல." என் பக்கம் திரும்பினார். "நேத்து காலையில பக்கத்துலதான நின்னீங்க."

நான் கெஞ்சினேன். அந்தத் துளைக்குள் இனி யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை, அவர் எழுதியது சரியாகவேகூட இருக்கலாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன். இருக்கலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டே பேனாவை எடுத்து, உள்ளே நுழைந்தது என்று எழுதிய பத்தியைக் குறுக்கே அடித்தார். இந்தப் பத்து மீட்டரின் மாதிரிகள் கலந்துவிட்டன, வரிசையை நம்ப முடியாது, மேற்பார்வையில் தவறு என்று எழுதித் தன் பெயரில் கையெழுத்துப் போட்டார். என் பெயர் இருந்த வரியையும் அடித்தார். பெயர் வெளியில் தெரியாதபடி அழுத்தி அடித்தார். அதனால் நான் தப்பித்தேன்.

பெரிய சார் தலையில் அடித்துக்கொண்டார். "யாரும்மா கேட்டா ஒங்கள? ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு நம்ம மானத்த வாங்கணுமா?" என்றார். யார் கலந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். "நான் அன்னிக்கு இங்க இருந்திருக்கணும் சார்" என்பதைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சென்னைக் குழுவினர், அப்படியானால் வர வேண்டாம் என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. கம்பெனி புதுப்பிக்கவில்லை. என் வேலை ரிக் கிளம்பும்வரை இருந்தது. என் வயலும் பிழைத்தது. அந்த வருடம் நல்ல விளைச்சல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் கிளம்பிய அன்று நான்தான் பெட்டியை வண்டியில் வைத்துப் பேருந்து நிறுத்தத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.  திருத்துறைப்பூண்டி வண்டி தூரத்தில் தெரிந்தபோது, இனிமேல் சொல்ல நேரமில்லை என்று கையைக் கூப்பிவிட்டேன்.

"மன்னிச்சிடுங்க மேடம்."

அவர் யோசித்தார். நெஞ்சுக்குள் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்ப்பது போல இருந்தது.

"இப்ப முடியல அண்ணே. குவியலுக்கு மன்னிச்சிடலாம். அந்த ரெண்டு நாளுக்கு இன்னும் வரல." பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வந்தா போன் பண்றேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். வந்தால் செய்வார், வராமல் ஒரு பேச்சுக்காகச் செய்ய மாட்டார். இத்தனை வருடத்தில் மூன்று போன் மாற்றிவிட்டேன். எங்கள் ஊரில் இந்தப் பழைய சிம்முக்கு டவர் சரியாகக் கிடைப்பதில்லை, வேறு வாங்குங்கள் என்று என் மகள் சண்டை போடுகிறாள். நான் நம்பரை மாற்றவில்லை.